மார்கழி, மாமாவோட வேன், மண் கோட்டைகள்

பதிவு எழுதி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? ஆனா அதுதான் நிஜம். டிசம்பர் கடைசி வாரத்துல கிளையன்ட் மொத்தமா கடையைச் சாத்திட்டு கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனதால எனக்கும் அஞ்சு நாள் கிடைச்சது. அந்த அஞ்சு நாள் ஊர் சுத்தினதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும். டீயும் சாத்தூர் சேவும் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காருங்க மக்களே.

ஆரம்பிச்சு வெச்சது எங்க டீம்ல இருக்கிற ஒரு ஜெர்மன்காரர். வருஷா வருஷம் குளிர்காலம் வந்தா வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு மோட்டார் ஹோம்ல கிளம்பிடுவார். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம், ஹீட்டர் எல்லாம் இருக்கும். நம்ம ஊர்ல இதுக்குப் பேரு கேரவன். அந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்கிற ஹீரோவோட வண்டிதான் ஞாபகம் வரும். அவங்க ஊர்ல ரிட்டயர்டு வாத்தியார்கூட ஒண்ணு வெச்சிருக்காராம். அந்தத் தடவை அவர் போனது ரோத்தன்பர்க்னு ஒரு பழைய கோட்டை ஊர். 1945 மார்ச் 31-ல் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுல ஊரோட ஒரு பெரிய பகுதியும் மதிலும் நொறுங்கிப் போச்சு. போர் முடிஞ்சதும் உலகம் பூரா காசு வசூல் பண்ணி மதிலைத் திரும்பக் கட்டினாங்க. காசு கொடுத்தவங்க பேரு இன்னிக்கும் அந்த மதில்ல பதிச்சிருக்கு. நம்ம கோயில்ல டியூப்லைட்டுல உபயதாரர் பேர் எழுதுற மாதிரின்னு வெச்சுக்கோங்க :-)

போட்டோ எல்லாம் காட்டி முடிச்சுட்டு, "உங்க ஊர்ல கோட்டை இருக்கா?"ன்னு கேட்டார். "நிறைய இருக்கு"ன்னு உடனே சொல்லிட்டேன். கால் கட் ஆனப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். நான் சிவகாசிக்காரன். எங்க ஊர்லேர்ந்து எந்தப் பக்கம் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினாலும் ஒரு பாளையக்காரர் ஊர் வரும். சேத்தூர், சிவகிரி, நெல்கட்டும்செவல், எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி. எல்லாமே கோட்டை ஊர்தான். கோட்டையைத்தான் தேடணும்.

காரணம் நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துல அரைகுறையா சொல்லித் தந்ததுதான். 1801-ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் சேர்ந்து நடத்திய போர் தோற்றது. அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் (பாடப்புத்தக ராபர்ட் கிளைவோட மகன்) இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர் கோட்டைகளை இடித்துத் தள்ளினார்கள். பாளையக்காரர்கள் வரி கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள். ரோத்தன்பர்க் இடிஞ்சதும் திரும்பக் கட்ட ஆள் இருந்தாங்க. இங்க இடிச்சது, யாரும் திரும்பக் கட்டிடக் கூடாதுங்கிறதுக்காகவே.

சரி, இல்லாத கோட்டையைப் பார்க்க எதுக்கு அஞ்சு நாள்? அதுக்கு எங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல லாரி டிரைவர். சிவகாசியில வெடி லோடு ஏத்தினா கான்பூர், பாட்னா, கல்கத்தான்னு போயிட்டு வருவார். தீபாவளி நெருங்கினா உள்ளூர் லைன். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம். நாங்க எல்லாரும் மத்தாப்பு கொளுத்துற அன்னிக்கு அவர் எங்கயாவது நெடுஞ்சாலையில இருப்பார். போன வருஷம் சர்க்கரையால கண்ணுல பிரச்சினை. விழித்திரைக்கு லேசர் வெச்சாங்க. இனிமே ஹெவி வண்டி தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். ஜூன் மாசத்துலேர்ந்து அப்பா திண்ணையில உக்காந்து தந்தியைக் கண்ணுக்கிட்ட வெச்சுப் படிச்சுக்கிட்டிருந்தார். பேச்சு குறைஞ்சு போச்சு. தெருவுல லாரி போனா மட்டும் தலை நிமிரும். அம்மா ஒரு நாள் போன்ல, "ஏய்யா, அவரை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ. வீட்டுக்குள்ள லாரியை நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கு"ன்னாங்க.

அதான் விஷயம்.

வண்டி, அம்மாவோட தம்பி, அதாவது எங்க மாமாவோடது. பழைய டெம்போ டிராவலர். வெள்ளை போர்டு, குடும்ப உபயோகத்துக்கு வாங்கினது. சீட்டைக் கழட்டிட்டு கட்டில் அடிச்சிடலாம்னு முதல்ல நினைச்சேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்க வந்துச்சு. பதிவுச் சான்றுல இருக்கிறதை மாத்துற மாதிரி வண்டியில நம்ம இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. அதனால சீட்டு எதையும் தொடாம, பின் வரிசை சீட்டுங்க மேல பிளைவுட் பலகை போட்டு, அதுக்கு மேல இலவம்பஞ்சு மெத்தை. பலகை வழுக்காம இருக்க ஓரத்துல பழைய சைக்கிள் டியூப். இன்ஜினியரிங் படிச்சது வீண் போகலை. ரெண்டு இருபது லிட்டர் கேன், ஒரு சின்ன கேஸ் ஸ்டவ், பாய், ஒரு அரிக்கேன் லைட் (சார்ஜ் போடுறது), நாலு பேர். அப்பா, அம்மா, தங்கமணி, நான். ஜெர்மன்காரர் வண்டியில ஹீட்டர் இருந்துச்சு. எங்க வண்டியில கொசுவத்தி. நம்ம பக்கக் குளிர்காலத்துக்கு அது போதும். மார்கழி விடிகாலையில கரிசல்காட்டுப் பனி லேசா முதுகைத் தொடும், அவ்வளவுதான். அதுக்கே அம்மா அப்பாவுக்குக் குரங்குக் குல்லா மாட்டி விட்டுட்டாங்க.

முதல் ராத்திரியே ஒண்ணு புரிஞ்சது. மோட்டார் ஹோம்ங்கிற சமாச்சாரத்துல எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு நிபுணர் இருக்கார். முப்பது வருஷம் வண்டியிலேயே குடியிருந்த ஆளு. வண்டியை எங்க நிறுத்தணும்கிறதுல அப்பாவுக்கு ஒரு சாஸ்திரமே இருக்கு. புளியமரத்தடியில கூடாது. கம்மாய்க்கரையில கூடாது, மழை பெய்ஞ்சா டயர் உள்ள இறங்கிடும். வண்டியோட மூக்கு ரோட்டைப் பார்த்து நிக்கணும், ராத்திரி ஏதாவதுன்னா ரிவர்ஸ் எடுக்காமக் கிளம்பணும். ராத்திரி பூரா டீக்கடை திறந்திருக்கிற பெட்ரோல் பங்க் உத்தமம். கண்ணாடியை ரெண்டு விரக்கடை இறக்கி வெச்சுட்டுத்தான் படுக்கணும்.

"வெடி லோடு இருந்தா பங்க்ல நிறுத்த முடியாதேப்பா, அப்போ என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"ஊருக்கு வெளிய, ஆள் இல்லாத பொட்டல்ல ஒதுக்கிருவோம். அடுப்பு மூட்டக் கூடாது. பீடி பத்தவெக்கணும்னாக்கூட நூறு அடி தள்ளி நடக்கணும். நாலு நாளைக்கும் வீட்டுல கட்டிக் கொடுத்த புளிச்சோறும் கடை டீயும்தான் தம்பி."

எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவர் இவ்வளவு நீளமா பேசினது அதுதான்னு நினைக்கிறேன்.

ஜெர்மன்காரருக்கு இல்லாத ஒரு பிரச்சினை எங்களுக்கு இருந்துச்சு. பாத்ரூம். வண்டியில ஊர் சுத்துறதைப் பத்தி ஆம்பளைங்க எழுதுற கட்டுரை எதுலயும் இதைப் பத்தி ஒரு வரி இருக்காது. தங்கமணி முதல்லயே கறாரா சொல்லிட்டா: காலையில அஞ்சு மணிக்கு சுத்தமான பாத்ரூம் எங்கன்னு ராத்திரி ஒன்பதுக்கே தெரிஞ்சிருக்கணும், இல்லைன்னா லாட்ஜ். அவ போட்ட திட்டப்படிதான் ராத்திரி தங்குற இடமே முடிவாச்சு. கோட்டையெல்லாம் அதுக்கு அப்புறம். நாலு ராத்திரியில மூணு வண்டியில, ஒண்ணு ராமநாதபுரம் லாட்ஜுல.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழியில ஆண்டாள் ஊரைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. விடியக்காலம் ஸ்பீக்கர், வாசலெல்லாம் கோலம், கோயில் சுத்தி ஒரே ஜனம். அரசு முத்திரையில இருக்கிறதா சொல்ற அந்தப் பதினோரு நிலை கோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டு, திருமலை நாயக்கர் மகாலையும் எட்டிப் பார்த்துட்டு (ஒரு காலத்துல கோர்ட்டா இருந்த கட்டடம்), பால்கோவா வாங்கிக்கிட்டுக் கிளம்பினோம். இந்த ஊர்ல ஒரு கதை மட்டும் சொல்லிடறேன், ஏன்னா எங்க ரூட்டே பாதி அந்தக் கதைதான். 1798-ல் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனைத் தன்னை வந்து பார்க்கச் சொன்னார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனார், பார்க்க மறுத்துவிட்டார். சேத்தூர், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டர் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே பரிவாரத்தோட அலைய வேண்டி வந்தது. கடைசியா செப்டம்பர்ல ராமநாதபுரத்துலதான் சந்திப்பு. அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சிக்கு அலைய விடுற மாதிரி விட்டிருக்கான்"னார்.

சேத்தூரும் சிவகிரியும் வேகமாக் கடந்தோம். வாசுதேவநல்லூர்ல புலித்தேவரோட கோட்டை இருந்துச்சு. 1767-ல் டொனால்டு காம்பெல் பீரங்கியோட வந்து அதைத் தாக்கினார். மதில்ல ஓட்டை விழ விழ உள்ளே இருந்தவங்க பனந்தடியையும் வைக்கோலையும் வெச்சு அடைச்சுக்கிட்டே இருந்தாங்களாம். குண்டடி பட்டு விழுந்தவன் இடத்துக்கு அடுத்தவன் வந்து அடைச்சிருக்கான். அதைப் பார்த்து அசந்துபோய் காம்பெலே எழுதி வெச்சிருக்கார். இன்னிக்குப் போனா அந்த இடத்துல வேலிக்காத்தானும் வீடுகளும்தான். நெல்கட்டும்செவல்ல அரசு கட்டின நினைவு மாளிகை இருக்கு. சுத்தமா வெச்சிருக்காங்க. ஆனா இந்தப் பக்கம் பூரா ஒண்ணு கவனிச்சேன். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சிலை, ஒரு ஜாதிக் கொடி, நினைவு நாளன்னிக்கு ஒரு போலீஸ் வேன். அவங்க காலத்துல எல்லா ஜாதிக்காரனும் ஒரே மதிலுக்குப் பின்னாடி நின்னு பனந்தடி தூக்கிக் கொடுத்திருக்கான். சரி விடுங்க, பின்னூட்டத்துல சண்டை வேண்டாம்.

சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வழியா (கடலைமிட்டாய் ரெண்டு கிலோ) ரெண்டாம் நாள் சாயங்காலம் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் தர்கா மூணையும் பார்த்தோம். ஒரு சின்ன ஊருக்குள்ள இத்தனையான்னு தங்கமணிக்கு ஆச்சரியம். ஜமீன் அரண்மனைதான் பாவமா நிக்குது. டீக்கடையில ஒரு பெரியவர் எங்க வேன் மெத்தையைப் பார்த்துட்டு விசாரிச்சார். கோட்டை பார்க்க வந்திருக்கோம்னதும் முகம் மாறிடுச்சு. "நாளைக்குப் பாஞ்சாலங்குறிச்சி போவீக. அங்க போயி எங்களைத் திட்டுவீக"ன்னார். கும்பினி பக்கம் நின்னதுக்காக எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்துல பங்கு கிடைச்சது வரலாறுதான். அதுக்காக 1959-ல் சிவாஜி படம் வந்ததுலேர்ந்து ஒரு ஊர்ப் பேரையே துரோகிங்கிற அர்த்தத்துல சொல்லிக்கிட்டிருக்கோம். அந்தப் பெரியவர் வாழ்க்கை பூரா இதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்திருப்பார் போல. அப்பா அவருக்கும் சேர்த்து டீக்கு காசு கொடுத்தார். "நாங்க சிவகாசி அண்ணாச்சி. தீப்பெட்டி வெடியைத் தவிர ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னதும் அவர் சிரிச்சுட்டார்.

மூணாம் நாள் காலையில பாஞ்சாலங்குறிச்சி.

போறவங்க முதல்ல பார்க்கிறது 1974-ல் தமிழக அரசு கட்டின நினைவுக் கோட்டை. பளிச்சுன்னு இருக்கும். உள்ளே கட்டபொம்மன் சிலை, சுவரெல்லாம் கதை சொல்ற ஓவியம். பக்கத்துலயே ஜக்கம்மா கோயில். பிள்ளைங்களுக்குப் பிடிக்கும், பள்ளிக்கூட பஸ் ரெண்டு நின்னுச்சு. பழைய கோட்டை இருந்த இடம் தனியா, தரையோட தரையா இருக்கு. தோண்டி எடுத்த செங்கல் அடித்தளங்கள் முழங்கால் உயரத்துக்கு. ஒரு அறையோட அளவு, ஒரு படி, அவ்வளவுதான். இடிச்சு உழுது ஆமணக்கு விதைச்சாங்கன்னு சொல்லுவாங்க. அந்தப் பொட்டல்ல நின்னா அதை நம்பச் சிரமமே இல்லை. கொஞ்ச தூரத்துல அந்தச் சண்டைகள்ல செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களோட கல்லறைகளும் இருக்கு.

இந்த இடத்துல எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். 1799-ல் பானர்மேன் கோட்டையைப் பிடிச்சார், கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801 பிப்ரவரியில ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலேர்ந்து தப்பி வந்து இடிச்ச கோட்டையை ஒரு வாரத்துக்குள்ள திரும்ப எழுப்பிட்டார். வெறும் மண்ணு, பனந்தடி, சுத்தி முள்வேலி. மார்ச் கடைசியில மெக்காலே பெரிய படையோட வந்து ஏற முடியாம, பலத்த சேதத்தோட திரும்பிப் போனார். பிறகு அக்னியூ கூடுதல் படையும் பெரிய பீரங்கியும் கொண்டு வந்து, மே 24-ம் தேதிதான் உள்ளே நுழைய முடிஞ்சது. ஒரு வாரத்துல கட்டின மண் சுவர் பீரங்கிக்கு எப்படி இத்தனை நாள் நிக்கும்? இதை நான் சத்தமா யோசிச்சுக்கிட்டிருந்தேன். பதில் அம்மாகிட்டேர்ந்து வந்துச்சு.

"கல்லா இருந்தா செதறும். மண்ணுன்னா வெடியைத் தின்னுரும்."

அம்மா இப்பவும் பயர் ஆபீஸ் போறாங்க. பட்டாசுத் தொழிற்சாலையை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அங்க ஷெட்டுகள் எல்லாம் சின்னச் சின்னதா, தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு ஷெட்டுக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு உண்டு. மருந்து இருக்கிற இடத்தைச் சுத்தி ஆள் உயரத்துக்கு மண் மேடு போட்டிருப்பாங்க. வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு ஏதோ குளம் வெட்டின கரை மாதிரி தெரியும்.

"நீ ரெண்டாப்பு படிக்கும்போது மருந்து கலக்குற ரூம்ல வெடிச்சுது. மூணு பேரு. காலையில என்கூடத்தான் பஸ்ஸுல வந்தாளுக. நான் அடுத்த ஷெட்டு. நடுவுல மண்மேடு. சத்தம் கேட்டுச்சு, ஆனா அடி வரலை. அந்த மேடு அப்படியே ஒரு தடவை மூச்சு விட்ட மாதிரி அசைஞ்சுது. எங்க பக்கம் கூரை ஓடு மட்டும் விழுந்துச்சு. கல்லுச் சுவரு மட்டும் இருந்திருந்தா அந்தக் கல்லே எங்களைக் கொன்னிருக்கும்."

யாரும் ஒண்ணும் பேசலை. அம்மா கீழ குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்து, விரல் நடுவுல நசுக்கிப் பார்த்துட்டு, "நல்ல களிமண்ணு"ன்னு கீழ போட்டாங்க.

அப்பா ரொம்ப நேரம் கழிச்சு, "இதை என்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னார்.

"நீங்க அப்போ பாட்னா லைன்ல இருந்தீக. பன்னெண்டு நாளு கழிச்சு வந்தீக. வந்த ஆளுகிட்ட இதைச் சொன்னா மறுபடி லோடு ஏத்துவீகளா?"

அதுக்கு அப்புறம் அம்மா அங்க இருந்த ஓவியங்களைப் பார்க்கப் போயிட்டாங்க. நானும் தங்கமணியும் அப்படியே நின்னோம். மருமக பின்னாடியே ஓடிப் போய் அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு ரெண்டாங்கிளாஸ்ல நடந்தது என்னென்னவோ ஞாபகம் இருக்கு. டீச்சர் பேரு, பெஞ்சுல பக்கத்துல உக்காந்த பையன், காமராஜர் பிறந்த நாளுக்குக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய். அம்மா ஒரு நாள் காது சரியாக் கேக்கலைன்னு சொன்னதும் ஞாபகம் இருக்கு. சளின்னு சொல்லியிருந்தாங்க.

அம்மாவுக்கு இந்த ஊர்ல பிடிச்சது கட்டபொம்மன் இல்லை. ஊமைத்துரையைக் காப்பாத்தின பொம்பளை. கோட்டை விழுந்த அன்னிக்கு ஊமைத்துரை குண்டடி பட்டுப் பிணங்களுக்கு நடுவுல கிடந்தார். பிள்ளையைத் தேடி வந்த ஒரு தாய் அவரை எடுத்துட்டுப் போய் ஊருக்குள்ள மறைச்சு வெச்சா. தேடி வந்தவங்ககிட்ட, அம்மை போட்டுச் செத்த பிள்ளைன்னு வெள்ளைத் துணியால மூடிக் காட்டியிருக்காங்க. வந்தவங்க பயந்து ஓடிட்டாங்க. எதிர்ப்பக்கம் நின்னு போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற வெள்ளைக்கார அதிகாரியே இதைப் பிற்பாடு தன் புத்தகத்துல எழுதியிருக்கார். அந்தம்மா பேரு என்னன்னு அம்மா கேட்டாங்க. வெல்ஷ் எழுதலைம்மான்னேன். "அவன் எழுதமாட்டான், நீயாச்சும் கேட்டு எழுது"ன்னாங்க. அங்க நாலு பேர்கிட்ட கேட்டேன். தெரியலை.

தூத்துக்குடி போய் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு ராமநாதபுரம். வழியெல்லாம் ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனை. லாட்ஜுல வெந்நீர்க் குளியல் (தங்கமணி முகத்துல அன்னிக்குத்தான் சிரிப்பு). மறுநாள் காலையில ராமலிங்க விலாசம். இந்தப் பயணத்துல நான் எல்லாருக்கும் சிபாரிசு பண்றது இதைத்தான். சேதுபதிகளோட தர்பார் மண்டபம், இப்போ தொல்லியல் துறை கையில இருக்கு. பதினெட்டாம் நூற்றாண்டு தொடக்கத்துல வரைஞ்ச ஓவியங்கள் சுவர் பூரா. ராமாயணம், போர்க்களம், சேதுபதியைப் பார்க்க வந்த தொப்பிக்கார வெள்ளைக்காரங்க. ஜாக்சனும் கட்டபொம்மனும் சந்திச்சது இங்கதான். பேச்சு முத்தி, கைகலப்பாகி, வாசல்ல கிளார்க்குங்கிற ஒரு லெப்டினன்ட் செத்து, தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு, கட்டபொம்மன் தப்பிப் போனார். ஊர் ஊரா அலைஞ்சதுக்குக் கிடைச்சது இதுதான். கலெக்டரே எங்க இந்த வேலைக்கு அப்புறம் அந்தப் பதவியில நீடிக்கலைங்கிறது ஒரு சின்னச் சந்தோஷம்.

காளையார்கோவில்ல வண்டியை விட்டு இறங்கி ஒரு கும்பிடு. மருது பாண்டியர்களை 1801 அக்டோபர் 24-ல் தூக்கிலிட்ட திருப்பத்தூர் அடுத்து வரும். அங்க அதிகம் நிக்கலை. அப்பா காலையிலேர்ந்தே மணி கேட்டுக்கிட்டிருந்தார். "திருமயத்துக்கு வெளிச்சம் இருக்கும்போது போயிருவமா?"

திருமயம் இந்த ஊர்ல எல்லாம் விதிவிலக்கு. 1687-ல் கிழவன் சேதுபதி காலத்துல கட்டின கல் கோட்டை. ஒரு பாறைக் குன்று, அதைச் சுத்திச் சுத்தி மதில். உள் சுற்று நல்லாவே மிச்சம் இருக்கு. அடிவாரத்துல பாறையைக் குடைஞ்ச சிவன் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும். அந்தப் பெருமாள் பேர் வெச்ச தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான், 1887-ல். எங்க விருதுநகர் காமராஜருக்கு அரசியல் குரு. ஆனா அப்பாவுக்கு இதுல எதுவும் தேவைப்படலை. அவருக்குத் திருமயம்னா கோட்டை பைரவர். நெடுஞ்சாலையைப் பார்த்தபடி மதிலை ஒட்டி இருக்கிற சின்னக் கோயில். அந்த ரூட்ல போற டிரைவருங்க வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்காமப் போகமாட்டாங்க. அப்பா இருபது வருஷத்துக்கு மேல உடைச்சிருக்கார். லோடு வண்டியைத் தள்ளி ஒதுக்கிட்டு, நடந்து வந்து, ராத்திரி ரெண்டு மணியோ மூணு மணியோ.

"அந்தச் சுவருக்கு மேல என்ன இருக்குன்னு தெரியாது தம்பி. இருட்டுல கறுப்பா நிக்கும். வெளிச்சத்துல ஒரு தடவை ஏறிப் பாக்கணும்னு நெனப்பேன். லோடு போகணுமே."

மூணரை மணிக்குத் தேங்காய் உடைச்சோம். டிக்கெட் எடுத்துட்டு மெதுவா ஏறினோம். குன்று பெரிசில்லை. ஆனா வெயில் சாயுற நேரத்துல பாறை எது, படி எது, நிழல் எதுன்னு அப்பாவுக்குப் பிரிச்சுப் பார்க்க முடியலை. கை கொடுத்தேன், வேண்டாம்னுட்டார். தங்கமணி முன்னாடி போய், "மாமா, படி. மாமா, இப்போ சமதளம். மாமா, இடது பக்கம் பள்ளம்"னு சொல்லிக்கிட்டே போனா. கிளீனர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்ற அதே தொனி. அப்பா அதுக்குச் சரியா கட்டுப்பட்டு வந்தார்.

மேல ஒரு பீரங்கி இருக்கு. அப்பா அதைத் தடவிப் பார்த்துட்டு, "எந்தப் பக்கம் பாக்குது?"ன்னார். ரோட்டுப் பக்கம்தான்னு சொன்னேன். மதில் ஓரமா கல்லுல உக்காந்தார். காத்து நல்லா அடிச்சது. கீழ நெடுஞ்சாலை கோடு மாதிரி போகுது. சுத்திக் கண்மாய்ங்க எல்லாம் மழைத் தண்ணி நிறைஞ்சு மின்னுது. எவ்வளவு தெரியுதுன்னு நான் கேக்கலை. அவரும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு கீழேர்ந்து ஒரு லாரி கியர் மாத்துற சத்தம் கேட்டுச்சு.

"லேலண்டு. ஃபுல் லோடு. பைரவர்கிட்ட நிறுத்துறான் பாரு."

எட்டிப் பார்த்தேன். நிறுத்திட்டுத்தான் இருந்தான்.

வாட்ச்மேன் வந்து விசில் அடிக்கிற வரைக்கும் மேலேயே இருந்தோம். அப்பா வந்த வண்டியெல்லாம் பேர் சொல்லிக்கிட்டிருந்தார். அம்மா பக்கத்துல உக்காந்து, "இங்க நிறுத்தினப்போ எல்லாம் சாப்பிட்டீகளா, இல்லையா?"ன்னு இருபது வருஷத்துக் கணக்கு கேட்டுக்கிட்டிருந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி பங்க்ல வேனோட மூக்கு ரோட்டைப் பார்த்து நின்னுச்சு. மறுநாள் மதுரை வழியா ஊர் வந்து சேர்ந்தோம். போக விரும்புறவங்களுக்கு ரெண்டே குறிப்பு: டிசம்பர் கடைசி, ஜனவரி தான் சரியான நேரம், பங்குனி வந்துட்டா கரிசல்ல வண்டிக்குள்ள படுக்க முடியாது. ராமலிங்க விலாசத்துக்கு டார்ச் எடுத்துட்டுப் போங்க, மேல் பக்க ஓவியங்களைப் பார்க்க உதவும். ஜெர்மன்காரருக்கு பாஞ்சாலங்குறிச்சி செங்கல் போட்டோ அனுப்பினேன். "கோட்டை எங்கே?"ன்னு பதில் போட்டிருக்கார். இன்னும் அவருக்குப் பதில் எழுதலை.

வேனை மாமாகிட்ட ஒப்படைச்சாச்சு. பிளைவுட் பலகையை மட்டும் தரமாட்டேன்னு அம்மா வாங்கி வெச்சுக்கிட்டாங்க. இப்போ மொட்டை மாடியில அது மேல கூழ்வத்தல் காயுது. அப்பா காக்கா விரட்டுறார்.